நான்கு சீசாவும் குறையாத எண்ணெயும்

4 பிப்ரவரி 1957, திங்கள்

காலையில் பதினோரு இடியாப்பம். ஏழாவதிலேயே கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கைக்குக் கீழே இன்னும் நான்கு வந்து விழுந்தன. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று மாதம் ஆகிறது, காலித் தட்டு எப்படியிருக்கும் என்பதே மறந்துவிட்டது. என் தட்டிலோ டம்ளரிலோ படுக்கையோரம் இருக்கும் கூஜாவிலோ ஒரு விரற்கடை இறங்கினாலும் மாமி ஆஸியா பீவிக்குத் தாங்காது. கேட்கவும் மாட்டார். ஊற்றிவிட்டுப் போய்விடுவார்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை குடியிருப்பது எங்கள் ஜனங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் வேலையுள்ள மாப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத நிபந்தனை. என் வேலையோ மார்ச் 31 வரைதான். கொசு ஒழிப்புப் பிரிவில் தற்காலிக உதவியாளர். ஏப்ரல் பிறந்தவுடன் நோன்பு. வேலை போன மாப்பிள்ளை, மாமனார் வீட்டில் நோன்புக் கஞ்சிக்குக் கிண்ணம் நீட்டுவதை நினைத்தாலே இடியாப்பம் தொண்டைக்கு ஏறி வருகிறது.

இன்று ஆபீசில் ஒரு நம்பிக்கை வந்து இறங்கியது. பீப்பாய் வடிவத்தில். சாயக்காரக் குளத்தில் கொசுப்புழுவைக் கொல்ல இதுவரை மண்ணெண்ணெய் ஊற்றிவந்தோம். நாற்றம், புகார், சண்டை. இது புது எண்ணெய். மெல்லிய படலமாகப் பரவிப் புழுவை மூச்சுமுட்ட வைக்குமாம், பிறகு தானே மறைந்துபோகுமாம். எங்கள் பிரிவு அதிகாரி டாக்டர் அம்பலவாணன், பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போயும் 'திரு'வுக்குப் பதில் 'மெஸ்யே' போடுகிறவர், விளக்கினார்: "இது கொழுப்பு அமில எஸ்டர், மெஸ்யே நூகு. நாம சாப்பிடற எண்ணெய்க்குப் பங்காளி. தண்ணியில இருக்கற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இதைத் துண்டு துண்டா வெட்டித் தின்னுடும். மண்ணெண்ணெயை அதுங்க சீக்கிரத்துல தொடாது."

அப்படித் தின்கிறதா என்று முதலில் சீசாவில் வைத்துக் காட்ட வேண்டும். அது என் பொறுப்பு. காட்டினால் குளத்தில் சோதனை, சோதனைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். காட்டாவிட்டால் பீப்பாய் மதராசுக்குத் திரும்பும். நான் சொந்த ஊர் நாகூருக்கு.

5 பிப்ரவரி

குளத்துப் படித்துறையில் துணி துவைக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒரு வடிவாம்பாள். விஷயத்தைச் சொன்னேன். "ஏங்க கொசுக்காரரே, எண்ணெய ஊத்துவீங்க. அது போறவரைக்கும் நாங்க துணிய எங்க தொவைக்கறது, உங்க வீட்டு முத்தத்துலயா? எத்தினி நாள்ல போவும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அப்பறம் பாப்பம்." சீக்கிரமே நாள் கணக்கோடு வருகிறேன் என்று மிடுக்காகச் சொல்லிவிட்டு வந்தேன்.

7 பிப்ரவரி, வியாழன்

ஆபீஸ் அறையில் ஓடு மாற்றுகிறார்கள். அதனால் சோதனை வீட்டுக்கு வந்துவிட்டது.

கழுத்து நீண்ட நான்கு சீசாக்கள். ஒன்றிலும் இரண்டிலும் குளத்துத் தண்ணீர், அடிச் சேறோடு. மூன்றாவதில் அதே தண்ணீரும் சேறும், ஆனால் கொதிக்க வைத்து ஆற்றியது. உயிர்கள் செத்திருக்கும், தின்ன ஆளில்லை. இந்த மூன்றின் கழுத்திலும் புது எண்ணெய் பதினைந்து மில்லிமீட்டர். நான்காவதில் சேறும் தண்ணீரும், மேலே அதே அளவு மண்ணெண்ணெய். எண்ணெயின் மேல்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்தேன். மீதி எண்ணெய் ஒரு சின்ன மருந்துச் சீசாவில் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுப்படியில் குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தபோது மாமி பதறிவிட்டார். "மாப்புளக்கி வெந்நி வேணும்னா கெணத்துத் தண்ணி இல்லியா? கொளத்துச் சேறையா காய்ச்சிக் குடிக்கப் போறீங்க?"

மாமா மதார் சாகிப் சைகோனில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர், அவருக்காவது புரியும் என்று விஞ்ஞானமாக விளக்கினேன். "கொழுப்பு அமிலமும் ஒரு வகை ஆல்கஹாலும் சேர்ந்தா எஸ்டர், மாமா." "சாராயமா, மாப்புள?" என்றார் மெதுவாக. இரண்டும் சேர்ந்தபின் அது சாராயமில்லை, உங்கள் நல்லெண்ணெயும் அப்படிச் சேர்ந்ததுதான் என்று சத்தியம் செய்தேன். நல்லெண்ணெய் மீதே சந்தேகம் வந்ததுதான் மிச்சம். சீசாக்கள் முன்கட்டிலிருந்து கிணற்றடித் தாழ்வாரத்துக்கு மாற்றப்பட்டன.

எரிச்சலில் ஒரு உத்தரவு போட்டேன். "இதைப் பத்தி யாரும் எங்கிட்டப் பேசக் கூடாது. இதுலதான் என் வேலையே இருக்கு." சஃபியா கதவோரம் நின்று தலையாட்டினாள். என் மனைவி. மூன்று மாதத்தில் அவளிடம் நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் இந்தப் பக்கத்தில் பாதி வராது. என்ன பேசுவது?

11 பிப்ரவரி

ஆபீஸ் விட்டு வந்ததும் அளந்தேன். 15, 15, 15, 15. நான்கு நாள்தானே.

14 பிப்ரவரி

15, 15, 15, 15.

சஃபியா கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு. எனக்கு அந்த மொழியில் 'போன்ழூர்' தவிர வேறு தெரியாது. வட்டிலப்பம் செய்முறையாக இருக்கலாம்.

20 பிப்ரவரி, புதன்

மாறவில்லை. மண்ணெண்ணெய் அசையாதது சரி. கொதிக்க வைத்தது அசையாததும் சரி. முதல் இரண்டுக்கும் என்ன கேடு? சேறில்லையா, தண்ணீரில்லையா? தின்று தொலைத்தால் என்ன?

டாக்டரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "உயிரே இல்லாத குளமா? அந்தத் தண்ணியில ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்புல பாத்தேன், சந்தைக்கடை மாதிரி இருந்தது. இன்னும் பாருங்க."

இரவுச் சாப்பாட்டுக்கு நெய்ச்சோறு, கோழி ஆணம். துக்கத்தில் குறைவாகச் சாப்பிட நினைத்தேன். நடக்கவில்லை.

23 பிப்ரவரி

படித்துறையில் வடிவாம்பாள் மறித்தாள். பீப்பாய் வந்த அன்றே எங்கள் ஆபீஸ் பியூன் சோமு எண்ணெய்ப் புனலைக் குளத்தின் வடக்கு மூலையில் கழுவியிருக்கிறான். "கோரையெல்லாம் மயில் கழுத்தாட்டம் மினுக்கிச்சுங்க. பத்துப் பதினஞ்சு நாளா பாத்துக்கிட்டே இருந்தன். இப்ப ஒண்ணத்தயும் காணம்."

"அதெல்லாம் போவாதும்மா. உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன்.

"எங்கண்ணுக்குத் தெரியலன்னா உங்க கண்ணுக்குத் தெரியுதா? வந்து காட்டுங்க."

போய்ப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஆனால் வீட்டில் சீசா பதினைந்து என்கிறது. சீசா அளவுகோல் வைத்தது, கண் அப்படியல்ல. வெயில் தப்பாக விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2 மார்ச்

பதினைந்து.

5 மார்ச்

பதினைந்து. இனி எழுதப்போவதில்லை. கையே தானாக ஒன்றையும் ஐந்தையும் போடுகிறது.

9 மார்ச், சனி

முப்பது நாள். அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'மேற்படி எண்ணெய் குளத்து நீரில் மறைவதில்லை. மண்ணெண்ணெயைப் போலவே நிலைத்து நிற்கிறது.' டாக்டர் இரண்டு முறை படித்தார். "ரசாயனத்தை நம்பறதா, உங்க சீசாவை நம்பறதான்னு தெரியல. ஆனா உங்க சீசாதான் கண்ணெதிர்ல இருக்கு." அறிக்கை அவருடைய பிரெஞ்சில் புதுச்சேரித் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டது.

என் வேலையை நானே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். ஊரில் வேறு எந்த முட்டாளாவது இப்படிச் செய்திருப்பானா? பொய்யாகப் பத்து என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுதத் தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் என்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை. மரியாதையை வைத்துப் பெருநாளைக்குக் கைலி வாங்க முடியுமா?

12 மார்ச்

பீப்பாயை மாத முடிவில் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மாமி இன்று பெருநாளைக்கு எனக்கு என்ன நிறத்தில் சட்டைத் துணி எடுப்பது என்று சஃபியாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூஜாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

19 மார்ச், செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மிச்ச எண்ணெயை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று மத்தியானமே வீட்டுக்கு வந்து அந்த மருந்துச் சீசாவை எடுத்தேன். லேசாக இருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு பொட்டு. நிறைய வைத்தது! அரசாங்க எண்ணெய்! வேலையும் போய், திருட்டுப் பட்டமும் வந்தால்?

கத்திவிட்டேன். "யாரு எடுத்தது? யாரு தொட்டது இத? மாமாவுக்கு முட்டியில தேய்க்கறதுக்கா? தலைக்குத் தடவுனீங்களா? கேக்கறன்ல, வாயத் தொறந்து சொல்லுங்களேன்!" பெண் கொடுத்த வீட்டில், மாமியின் முகத்துக்கு நேரே. அல்லாஹ், எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தொண்டை?

மாமி பயப்படவில்லை. அவருக்கு ஆச்சரியம்தான். "எங்கயும் போவல மாப்புள. உங்க சீசாவுலதான் ஊத்தினன்."

"எந்தச் சீசாவுல?"

"கொறையற சீசாவுல. முத ரெண்டும் தெனம் கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். நீங்க ஆபீசு போனதும் பாலாடையில எடுத்து, நீங்க போட்ட கோடு வரைக்கும் சொட்டுச் சொட்டா விட்டுருவன். இதுலதான் வேலையே இருக்குன்னு சொன்னீங்கள்ல? மாப்புள சாமான் நம்ம வீட்டுல கொறஞ்சா வீட்டு வளமும் பரக்கத்தும் போயிரும். வேற எண்ணெய கலக்கலங்க. உங்க எண்ணெயத்தான் விட்டன்."

பாலாடை என்பது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணம். பேரப்பிள்ளைக்கு என்று பரணிலிருந்து இறக்கித் துலக்கி வைத்திருந்ததாம். அதை வைத்து நாற்பது நாளாக என் சோதனைக்குப் பால் புகட்டியிருக்கிறார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குறைந்திருக்கிறது. தினம் தினம் குறைந்திருக்கிறது. உலகத்திலேயே நன்றாகச் சாப்பிட்ட கிருமிகள் என் சீசாவில் இருந்திருக்கின்றன, அதற்கும் மாமிதான் பரிமாறியிருக்கிறார். நான் மாலையில் வந்து, நிரப்பி வைத்ததை அளந்து, 'மாறவில்லை' என்று எழுதிப் புதுச்சேரிவரை அனுப்பியிருக்கிறேன்.

"எவ்வளவு குறைஞ்சதுன்னே இனிமே தெரியாது. எல்லாம் போச்சு" என்றேன். யாரிடம் சொன்னேனோ.

"தெரியும்" என்றாள் சஃபியா.

அந்தக் கோடு போட்ட நோட்டை என் மடியில் வைத்தாள். தேதி, சீசா எண், எத்தனை சொட்டு. ஒரு நாள் விடவில்லை. முதல் சீசா மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றாவது, ஒன்றுமில்லை. நான்காவதில் மூன்று சொட்டு, விளக்கிலிருந்து எடுத்த மண்ணெண்ணெய், பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு. என்னவென்று கேட்டேன். "அன்னிக்கு அனல் காத்து. பஞ்சும் வெளிய கெடந்திச்சு. காத்துல போயிருக்கும்னு எழுதினன்."

"ஏன் பிரெஞ்சுல எழுதின?"

"கணக்குன்னா எனக்கு அதுலதான் வரும், மச்சான். கன்யாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல செர்திஃபிகா பரீட்சை வரைக்கும் படிச்சன்."

எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சீசாவப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னீங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "எழுதக் கூடாதுன்னு சொல்லல."

மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் காது எரிந்தது. அவர் அதைக் காதில் வாங்காமல் சர்பத் கொண்டுவந்து வைத்தார். முழுவதும் குடித்தேன். மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன்.

20 மார்ச்

டாக்டர் நோட்டைப் புரட்டப் புரட்ட நாற்காலியில் நிமிர்ந்துகொண்டே வந்தார். "முதல் நாலு நாள் ஒரு சொட்டுகூட இல்லை, பாருங்க. அஞ்சாம் நாள் ரெண்டு, ஆறாம் நாள் நாலு. அந்த உயிருங்க புதுச் சாப்பாட்டுக்குப் பழக நாலு நாள் எடுத்திருக்கு. பழகினப்பறம் நிக்கவே இல்ல. வெச்ச எண்ணெய் அளவுக்கு முழுசா ஒரு தரம் தின்னு தீத்திருக்கு! கொதிக்க வெச்சதுல ஒண்ணுமில்ல. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இந்த நோட்டை எழுதினது யாரு?"

"என் வீட்ல, சார்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான்... பதினஞ்சுன்னு எழுதினேன், சார்."

சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது இரண்டாவது அறிக்கை எழுத வேண்டும், முதல் அறிக்கை தவறு என்று. காரணம்? 'மாமியார் ஊற்றினார்' என்று சர்க்கார் கடிதத்தில் எழுத முடியுமா? அரை மணி நேரம் யோசித்து 'சோதனை நடந்த இல்லத்தாரின் உபசாரம் காரணமாக' என்று எழுதினோம். சோமுவும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். குளத்தில் புனல் கழுவியதையும் ஒத்துக்கொண்டான். அதற்கு அவனைத் திட்டுவதா, பாராட்டுவதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை.

மாலையில் வடிவாம்பாளைத் தேடிப்போய், உங்கள் கண்தான் சரி என்று சொன்னேன். "எங்கண்ணு எனக்குத் தெரியாதா? நீங்க போயி கண்ணாடி போட்டுக்குங்க" என்றாள்.

24 மார்ச்

பதில் இல்லை. ஒரு முறை தப்பாக எழுதியவனை மறுமுறை நம்புவார்களா? நான் அங்கே இருந்தால் நம்பமாட்டேன்.

வேலை போகலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமா தாடியைத் தடவிவிட்டு, "சைகோன்ல எங்கடை ரெண்டு தரம் மூழ்கிச்சு, மாப்புள. ரெண்டு தரமும் இந்த வீட்டுல சோறு பொங்கிச்சு" என்றார். அழுகை வந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

இரவு சஃபியாவோடு பேசினேன். சொட்டுகளைப் பற்றித்தான். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

29 மார்ச், வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால் புதுச்சேரிக் கடிதம். டாக்டர் வெளியூர். கடிதமோ முழுக்கப் பிரெஞ்சு. உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு ஓடினேன்.

சஃபியா ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். மனதுக்குள் படிக்கத் தொடங்கினாள்.

"என்ன போட்டிருக்கு?"

"இருங்க."

"வேலை இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு!"

"முழுசாப் படிச்சிட்டுத்தான் சொல்லுவன். பாதியில சொன்னா தப்பாயிரும்."

என்னைவிட நல்ல உதவியாளர் இவள் என்று அந்த நிமிஷத்தில் கோபத்தோடு ஒத்துக்கொண்டேன். படித்து முடித்து, தாளை மடித்து, பிறகு சொன்னாள். குளத்தில் சோதனைக்கு அனுமதி. என் வேலை ஆறு மாதம் நீட்டிப்பு. ஒரு நிபந்தனை: அளவுகளை இதற்கு முன் எடுத்த அதே நபரே எடுக்க வேண்டும்.

"அதே நபருன்னா?"

"நாந்தான்" என்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

மாமி உடனே பாலாடையைக் கொண்டுவந்தார். குளத்துக்கு ஊற்றுவது அரசாங்கத்தின் வேலை என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

3 ஏப்ரல், புதன்

நோன்போடு வெயிலில் நின்று சோமுவும் நானும் குளத்தில் எண்ணெய் தெளித்தோம். படித்துறையில் தெருவே கூடியிருந்தது. வடிவாம்பாள் இடுப்பில் மூட்டையோடு முன்னால் வந்தாள். "சொல்லுங்க. எத்தினி நாளு?"

பிப்ரவரியில் இருந்த நூகு என்றால் உடனே ஒரு எண்ணை அடித்து விட்டிருப்பான். "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றன்" என்றேன்.

சஃபியா குளத்தின் நீள அகலம் கேட்டாள், எத்தனை லிட்டர் என்று கேட்டாள், வெயிலா மேகமா என்று கேட்டாள். நோன்பு திறக்கும்வரை கணக்குப் போட்டாள். பதினெட்டு நாள். எழுதிக் கொடுத்தேன். கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

10 ஏப்ரல்

புழு செத்துவிட்டது. கொசு குறைந்திருக்கிறது. துணி மூட்டைகள் எல்லாம் தூரத்து வாய்க்காலுக்குப் போகின்றன, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு.

20 ஏப்ரல், சனி

பதினேழாம் நாள். காலையில் போய்ப் பார்த்தேன், மினுக்கம் எதுவுமில்லை. சந்தோஷமாக ஓடிவந்து சொன்னேன். அவளுக்கு மகிழ்ச்சியில்லை. "பதினெட்டுன்னு சொன்னன். ஒரு நா தப்பிருச்சே" என்றாள். பிறகு, "எந்த மூலையில பாத்தீங்க? வெயிலு எந்தப் பக்கம் இருந்திச்சு?" என்றாள். பதில் சொல்லத் திணறினேன். "நாளைக்கு நானே வந்து பாக்கறன்."

21 ஏப்ரல், ஞாயிறு

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு கிளம்பினோம். கல்யாணமானபின் நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து நடந்தது இதுவே முதல் முறை. குளத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் குனிந்து பார்த்தாள். வடக்கு மூலையில் நான் பார்த்தது சரியில்லை, கோரைக்குள் நேற்று ஒரு கை அகலம் மிச்சம் இருந்திருக்க வேண்டும் என்று காய்ந்த தண்டில் இருந்த பிசுக்கைக் காட்டினாள். ஆகவே பதினெட்டுதான் சரி. அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

படித்துறையில் பெண்கள் மூட்டைகளோடு காத்திருந்தார்கள். வடிவாம்பாள் என்னைக் கடந்துபோய் அவள் எதிரே நின்றாள்.

"ஏம்மா, எறங்கலாமா?"

சஃபியா தண்ணீரைக் கையில் அள்ளினாள், முகர்ந்தாள், வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"எறங்குங்க" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அவள் நோட்டைப் பிரித்துத் தேதி எழுதினாள். நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.